பைஜி டால்பினைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

நீங்கள் கேட்டதில் மூன்று கேள்விகள் கலந்திருக்கின்றன. சீனாவின் யாங்சி ஆற்றில் இருந்த பைஜி டால்பின் அழிந்துவிட்டதாக 2006-ல் சொன்னார்கள், அதற்குப் பிறகும் யாரோ பார்த்ததாக அவ்வப்போது செய்தி வருகிறதே, எதை நம்புவது என்பது ஒன்று. அழிந்துபோன ஓநாயையே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்களாமே, அதே வழியில் பைஜியையும் கொண்டுவர முடியாதா என்பது இரண்டாவது. கடைசியில் ஒரே வரியில், நம் கங்கை டால்பினுக்கும் இந்தக் கதி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கங்கையிலும் அதன் துணையாறுகளிலும் டால்பின் கணக்கெடுக்கிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அதனால் முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் வேலைப் பழக்கத்திலிருந்தே பதில் சொல்லலாம். குளோனிங் என் துறை இல்லை. அதில் வெளிவந்த ஆய்வுகளைப் படித்தும், மரபணு வேலை செய்கிற நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன், அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

பைஜி யாங்சியின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் மட்டுமே வாழ்ந்த நன்னீர் டால்பின். மூன்று பள்ளத்தாக்குகளுக்குக் கீழே தொடங்கி ஷாங்காய் பக்கத்துக் கழிமுகம் வரை கிட்டத்தட்ட 1,700 கிலோமீட்டர், அதோடு டோங்டிங், போயாங் என்ற இரண்டு பெரிய ஏரிகள், ஒரு காலத்தில் பக்கத்திலுள்ள சியான்டாங் ஆறு, இவ்வளவுதான் அதன் உலகம். வளர்ந்த பெண் இரண்டரை மீட்டர் நீளம் இருக்கும். முதுகு வெளிர் சாம்பல், வயிறு வெள்ளை, நீண்டு போய் நுனியில் லேசாக மேல்நோக்கி வளைந்த அலகு, மிகச் சிறிய கண்கள். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலை குறைவு, ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துத்தான் வழியையும் மீனையும் கண்டுபிடிக்கும். 1918-ல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். கடலில் நாம் பார்க்கிற டால்பின்களுக்கு இது நெருங்கிய சொந்தம் கிடையாது. தனிக் குடும்பம், அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருந்த ஒரே இனம். இந்த விஷயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், குளோனிங் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

1980 வாக்கில் சுமார் 400 இருக்கும் என்று மதிப்பிட்டார்கள், 1980-களின் நடுவில் 300. இவை தோராயமான எண்கள்தான், அன்றைக்கு எண்ணிய முறையில் பிழைக்கு நிறைய இடம் உண்டு. ஆனால் 1997-ல் ஆறு முழுக்கத் தேடியபோது கண்ணில் பட்டது வெறும் 13. எப்படிப் பார்த்தாலும் இருபது வருடத்துக்குள் ஒரு இனம் அப்படியே சரிந்துவிட்டது. இதற்கு மூன்று பள்ளத்தாக்கு அணைதான் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள், உங்கள் கேள்விக்குக் கீழேயும் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தார். அந்த அணையில் தண்ணீர் தேக்கத் தொடங்கியது 2003-ல். அதற்குள் பைஜி ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1981-ல் ஆற்றை மறித்த கெசோபா அணை, ஏரிகளையும் ஆற்றையும் பிரித்த மதகுகள், ஆலைக்கழிவு, கப்பல் சத்தம் எல்லாம் சேர்ந்து நெருக்கின என்பது உண்மை. ஆனால் நேரடியாக உயிரை எடுத்தவற்றில் முதலில் வருவது மீன்பிடிக் கருவிகள்.

அந்தக் கருவிகளில் முதலாவதான தூண்டில் முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் மீனவர்கள் ஆயிரங்கால் தூண்டில் என்று சொல்வார்களே, ஒரு நீளக் கயிற்றில் கிளைக் கயிறுகளாகத் தூண்டில் முட்களைக் கட்டி விடுவது, கிட்டத்தட்ட அந்த அமைப்புத்தான். ஒரு வித்தியாசம், யாங்சியில் போட்டதில் இரையே கிடையாது. கூர்மையான முட்களை நெருக்கமாகக் கட்டி ஆற்றின் அடித்தளத்தை ஒட்டிப் போட்டுவிடுவார்கள். அந்த வழியாகப் போகிற மீன் உடம்பில் எங்காவது முள் ஏறி மாட்டிக்கொள்ளும், உதறும்போது பக்கத்து முட்களும் ஏறும். பைஜியும் அடித்தளத்தில் இருக்கிற மீனைத் துரத்தித்தான் அங்கே வரும். ஒரு முள் தோலில் ஏறியதும் அது திமிறும், திமிறத் திமிற இன்னும் நாலைந்து முள் ஏறும், மேலே வந்து மூச்சு விட முடியாமல் மூழ்கிச் செத்துப்போகும். 1970-களிலும் 80-களிலும் காரணம் தெரிந்த பைஜி சாவுகளில் ஏறக்குறைய பாதி இந்த முட்களால் நடந்தவை. 1990-களில் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கிற பழக்கம் பரவியது. தடை செய்யப்பட்டதுதான், ஆனாலும் பதிவான சாவுகளில் சுமார் 40 சதவீதத்துக்கு அதுவே காரணமாக இருந்தது. இத்தனைக்கும் 1989-ல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தில் பைஜிக்கு முதல் வகைப் பாதுகாப்பு இருந்தது. பைஜியை வேட்டையாடுகிறவர்களைத் தடுக்க எழுதிய சட்டம் அது. பைஜி செத்ததோ கெண்டைக்கும் கெளுத்திக்கும் போட்ட கருவியில்.

சரி, நிஜமாகவே போய்விட்டதா? 2006 நவம்பர் தொடங்கி டிசம்பர் வரை ஆறு வாரம், ஊகானில் உள்ள நீருயிரியல் ஆய்வு நிறுவனமும் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பைஜி அறக்கட்டளையும் சேர்ந்து, வேறு நாட்டு நிபுணர்களையும் கூட்டிக்கொண்டு, பைஜி வாழ்ந்த முதன்மை ஆறு முழுவதையும் போகும்போதும் திரும்பும்போதும் இரண்டு முறை தேடினார்கள். இரண்டு கப்பல்கள், ஒன்றுக்கொன்று தகவல் சொல்லாமல் தனித்தனியாக எண்ணின. மேல்தளத்திலிருந்து தொலைநோக்கியால் பார்க்கிறவர்கள் போக, தண்ணீருக்கடியில் ஒலி கேட்கிற ஹைட்ரோபோனையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பைஜியும் கிடைக்கவில்லை. ஆறு அவ்வளவு பெரிது, தவறவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம்தான். கங்கையில் ஒரு டால்பின் மேலே வருவது ஒரு வினாடி, அதிகம் போனால் இரண்டு. முதலில் அலகு, அப்புறம் நெற்றி, புஸ் என்று ஒரு மூச்சு, அவ்வளவுதான், நீங்கள் நோட்டில் எழுதக் குனிந்திருந்தால் போயிற்று. அதனால்தான் ஒரே நீர்ப்பரப்பை இரண்டு குழு தனித்தனியாக எண்ணுகிறோம், ஒரு குழு பார்த்ததில் எவ்வளவை மற்றது தவறவிட்டது என்று வைத்துத் தவறும் அளவைக் கணக்கிடுகிறோம். 2006-ல் எனக்கு நம்பிக்கை தருவது அந்த இடம்தான். அதே ஆற்றில், டால்பினுக்கு உறவான, முதுகுத்துடுப்பு இல்லாத ஒரு கடற்பன்றி இனமும் வாழ்கிறது. பைஜியைவிடச் சிறியது, மேலே வந்தால் கண்ணில் படுவதும் கஷ்டம். அதை இரண்டு கப்பல்களும் எண்ணியபோது கிடைத்த கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. சின்ன விலங்கை ஒழுங்காக எண்ணியவர்கள், பெரிய விலங்கு ஒரு கூட்டமாக இருந்திருந்தால் மொத்தமாகத் தவறவிட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பயணத்தில் அவர்கள் எண்ணிய பெரிய கப்பல்கள் மட்டும் ஏறத்தாழ 20,000, சராசரியாக 100 மீட்டருக்கு ஒன்றுக்கும் மேல்.

2007-ல் ஆய்வாளர் சாமுவேல் டர்வியும் மற்றவர்களும் இந்த முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னதைச் செய்திகள் கொஞ்சம் திரித்துவிட்டன. ஒன்றிரண்டு தனி விலங்கு எங்காவது இருக்கலாம், ஆனால் இனமாகத் தொடர வாய்ப்பில்லை என்பதுதான் அதன் சாரம். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே அன்ஹுய் மாகாணத்தின் டோங்லிங் அருகே ஒருவர் பெரிய வெள்ளை விலங்கு ஒன்றைப் படம் பிடித்தார், பைஜியாகத்தான் இருக்கும் என்று ஊகான் விஞ்ஞானி வாங் டிங் சொன்னார். 2016-லும் 2018-லும் ஆர்வலர்கள் மறுபடி பார்த்ததாகச் சொன்னார்கள். 2007 படத்தை நான் ஏற்கிற பக்கம், வயதான ஒரு விலங்கு அப்போது மிஞ்சியிருந்திருக்கலாம். பின்னால் வந்த இரண்டில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் கிடையாது. அப்புறம் 2017-லும் 2022-லும் கடற்பன்றிக்காக அதே ஆற்றை முழுக்க எண்ணினார்கள், அப்போதும் பைஜி இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இன்னும் 'மிக ஆபத்தில், அழிந்திருக்கலாம்' என்றுதான் வைத்திருக்கிறார்கள். கடைசி விலங்கு செத்துவிட்டது என்பதை நிரூபிப்பது கடினம், அவசரப்பட்டு எழுதிவிட்டால் பாதுகாப்பும் பணமும் நின்றுபோகும், அதனால் அந்தத் தயக்கம் சரியே. என்னைக் கேட்டால், இனப்பெருக்கம் செய்யக்கூடிய கூட்டம் கிடையாது என்பது உறுதி, தனி விலங்கு ஏதாவது இன்றைக்கும் இருக்கும் என்பதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு.

இனி குளோனிங். நீங்கள் சொன்ன ஓநாய் 2025-ல் ஒரு அமெரிக்க நிறுவனம் அறிவித்த டயர் ஓநாய் என்று நினைக்கிறேன். அங்கே நடந்தது இன்றைய சாம்பல் ஓநாயின் செல்லை எடுத்து, 14 மரபணுக்களில் 20 இடங்களைத் திருத்தி, அதிலிருந்து குட்டிகளைப் பிறக்கவைத்தது. வேலை பெரிய வேலைதான், ஆனால் பிறந்தவை திருத்தப்பட்ட சாம்பல் ஓநாய்கள் என்றுதான் பெரும்பாலான உயிரியலாளர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அசல் குளோனிங்குக்கு உறையவைத்த செல் வேண்டும், கருமுட்டை வேண்டும், சுமக்க ஒரு வாடகைத் தாய் வேண்டும். மூன்றும் சரியாக அமைந்த உதாரணம் அமெரிக்காவின் கருங்கால் ஃபெர்ரட், பார்க்கக் கீரி மாதிரி இருக்கிற ஒரு சின்ன விலங்கு. 1988-ல் உறையவைத்த செல்லிலிருந்து 2020 டிசம்பரில் குட்டி பிறந்தது, சுமந்தது வீட்டில் வளர்க்கிற ஃபெர்ரட், இரண்டும் நெருங்கிய உறவு. மூன்றும் இருந்தும் தவறிய உதாரணம் பிரனீஸ் மலையின் காட்டாடு. கடைசி ஆடு 2000-ல் செத்தது, அதன் தோல் செல்லிலிருந்து 2003-ல் ஒரு குட்டி பிறந்தது, நுரையீரல் கோளாறால் சில நிமிடத்தில் இறந்தது.

பைஜிக்கு இதில் எது இருக்கிறது? மரபணுத் தொகுதியை 2013-ல் சீன விஞ்ஞானிகள் படித்து முடித்துவிட்டார்கள். அது கணினியில் இருக்கிற எழுத்து வரிசை. அதைப் படித்ததால் ஒரு உயிருள்ள செல் கையில் வந்துவிடாது. வாடகைத் தாய்க்கு எங்கே போவது? உயிரோடு இருப்பவற்றில் பைஜிக்குக் கிட்டத்து உறவு தென் அமெரிக்காவில்தான், அமேசான் ஆற்று டால்பினும் அர்ஜென்டினா, பிரேசில் கடலோரத்து ஃபிரான்சிஸ்கானாவும். இவற்றின் வம்சம் பைஜியிலிருந்து பிரிந்து 2 கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆட்டுக்குள் ஆட்டுக்கருவை வைப்பதோடு இதை ஒப்பிடவே முடியாது, நஞ்சுக்கொடி ஒத்துப்போகுமா என்பதிலேயே சிக்கல். அதுவும் போகட்டும், இதுவரை எந்தத் திமிங்கலத்தையோ டால்பினையோ குளோனிங் செய்து குட்டி பிறந்ததே கிடையாது. கடல் டால்பினில் செயற்கைக் கருவூட்டல் வெற்றி பெற்றிருக்கிறது, அங்கிருந்து குளோனிங்குக்கு உள்ள தூரம் ரொம்ப அதிகம். இன்னொன்று, டால்பின் குட்டி ஒன்றுதான் பிறக்கும், சுமப்பதே பத்து, பதினொரு மாதம், அப்புறம் தாயோடு கூடவே நீந்தி எங்கே மீன், எங்கே ஆபத்து என்று கற்றுக்கொள்ளும். கற்றுக்கொடுக்க ஒரு பைஜிகூட இல்லாத ஆற்றில் விடுகிற குட்டி என்ன செய்யும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. நூறு வருடத்துக்குப் பிறகு அறிவியல் எங்கே இருக்கும் என்று நான் ஜோசியம் சொல்லப்போவதில்லை. நாம் வாழும் காலத்தில் நடக்காது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த 2013 ஆய்வில் என்னை ரொம்ப யோசிக்கவைத்தது வேறு ஒரு முடிவு. பைஜிக்குள் மரபணு வேறுபாடு மிகக் குறைவாக இருந்திருக்கிறது. அதை வைத்து, எப்படியும் அழியவேண்டிய இனம்தான் என்று சிலர் பேசினார்கள். ஆனால் அதே ஆய்வு, கடைசிப் பனியுகம் முடிகிற சமயத்தில், சுமார் 10,000 வருடத்துக்கு முன்னால் அதன் எண்ணிக்கை சுருங்கிப் பிறகு மீண்டும் பெருகியதையும் காட்டுகிறது. தானாக ஒருமுறை மீண்ட இனம் அது. கடைசிச் சரிவுக்குக் காரணம் மனிதர்கள் என்றுதான் அந்த விஞ்ஞானிகளும் எழுதினார்கள். ஆக, 1980-களில் முட்களையும் வலைகளையும் ஓரிடத்திலாவது எடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது.

யாருமே முயற்சி செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 1980 ஜனவரியில் டோங்டிங் ஏரி வாய் அருகே மீனவர்களிடம் ஒரு இளம் ஆண் பைஜி சிக்கியது, முதுகில் முள் கிழித்த ஆழமான காயங்களோடு. ஊகானுக்குக் கொண்டுபோய்க் காயத்தை ஆற்றினார்கள். கிகி என்று பெயர். 2002 ஜூலை வரை, 22 வருடத்துக்கு மேல் ஒரு தொட்டியில் வாழ்ந்தது. பைஜி பற்றி அந்தத் தலைமுறை ஆய்வாளர்கள் கற்றதில் பெரும்பகுதி அந்த ஒரே விலங்கிடமிருந்துதான். 1986-ல் ஜென் ஜென் என்ற இளம் பெண்ணைப் பிடித்து வந்தார்கள், ஜோடி சேரும் என்ற நம்பிக்கையில். வயது வருவதற்குள் 1988-ல் நிமோனியாவில் செத்துவிட்டது. அதே 1986-ல் ஊகானில் பன்னாட்டுக் கூட்டம் ஒன்று நடந்தது, ஆற்றை உடனே திருத்த முடியாது, எனவே ஆற்றை விட்டு விலகிய ஒரு ஏரியில் பைஜிகளைக் கொண்டுபோய் வைக்கலாம் என்ற யோசனை அங்கே வலுவாக வந்தது. ஹூபெய் மாகாணத்தில் ஷிஷோ அருகே தியான்-எ-சோ என்று ஒரு ஏரி இருக்கிறது, 1972-ல் யாங்சி தடம் மாறியதில் தனித்துப்போன பழைய வளைவு, சுமார் 21 கிலோமீட்டர் நீளம். அதை 1992-ல் காப்பகமாக்கினார்கள். முதல் பைஜி அங்கே வந்தது 1995 டிசம்பரில், ஒரே ஒரு பெண். அடுத்த ஆண்டு கோடை வெள்ளத்தின்போது வலையில் சிக்கிச் செத்துக்கிடந்தது. அதோடு சரி. எந்தப் பணம், யார் பொறுப்பு, ஆற்றிலேயே காப்பதா பிடித்து வைப்பதா என்ற விவாதத்தில் மற்ற வருடங்கள் ஓடிவிட்டன. பிடிப்பதில் உள்ள பயமும் பொய்யில்லை. மெக்சிகோவில் வக்கீட்டா என்ற சின்னக் கடற்பன்றியைக் காப்பாற்ற 2017-ல் பிடிக்கப்போனபோது வளர்ந்த பெண் ஒன்று பதற்றத்திலேயே இறந்தது, திட்டத்தை அன்றோடு நிறுத்தினார்கள். இந்த மாதிரி வேலையை 300 விலங்கு இருக்கும்போதே தொடங்க வேண்டும், 13 ஆன பிறகு தொடங்கினால் ஒவ்வொரு தவறும் உயிரோடு விளையாட்டு.

அந்த ஏரி வீணாகவும் போகவில்லை. பைஜிக்கு முன்னால் ஒரு சோதனையாக 1990-ல் சில கடற்பன்றிகளை அங்கே விட்டிருந்தார்கள், அவை பெருகி இன்றைக்கு நூறு வரை வந்திருக்கின்றன. யாங்சி முழுவதும் கடற்பன்றி 2006-ல் சுமார் 1,800, 2012-ல் 1,040, 2017-ல் 1,012 என்று இறங்கியது. 2021 ஜனவரி முதல் யாங்சியில் பத்து வருட மீன்பிடித் தடை கொண்டுவந்தார்கள், இரண்டு லட்சத்துக்கும் மேலான மீனவர்களுக்கு மாற்று வாழ்வுக்கு வழி செய்யவேண்டி வந்தது. 2022 கணக்கில் 1,249. ஒரே ஒரு கணக்கை வைத்து மீண்டுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், இன்னும் இரண்டு சுற்றுக் கணக்கு வரட்டும். ஆனால் பைஜியைக் கொன்ற அதே ஆற்றில், கருவிகளை எடுத்ததும் எண்ணிக்கை ஏறுகிறது. மீட்பு என்ற சொல்லுக்கு இன்று யாங்சியில் அர்த்தம் இருக்கிறதென்றால் இந்தக் கடற்பன்றிக்குத்தான்.

கங்கை டால்பினுக்கு வருகிறேன். 2009-ல் நாட்டின் நீர்வாழ் விலங்காக அறிவித்தார்கள். 2025-ல் வெளியான முதல் முழுக் கணக்கெடுப்பில், 8,500 கிலோமீட்டர் ஆறு தேடி, இந்தியாவில் 6,327 ஆற்று டால்பின்கள் என்று மதிப்பிட்டார்கள். அதில் பியாஸ் ஆற்றில் மிஞ்சிய சிந்து டால்பின் வெறும் மூன்று. 1980-ன் பைஜியோடு ஒப்பிட்டால் நாம் நல்ல நிலையில்தான் இருக்கிறோம். பாகிஸ்தானிலும் சிந்து மாகாணத்தில் 1974-ல் நூற்றுச் சொச்சமாக இருந்தது, காப்பகம் அமைத்த பிறகு பெருகி, 2017-ல் நாடு முழுக்க 2,000-ஐ ஒட்டி வந்தது. ஆனால் எனக்குக் கவலை தருவது, சாவின் காரணங்கள் அப்படியே ஒத்துப்போவது. மெல்லிய நைலான் இழையில் பின்னிய தங்கூசி வலை எல்லா இடத்திலும் வந்துவிட்டது, தண்ணீருக்குள் கண்ணுக்கும் தெரியாது, எதிரொலிக்கும் சரியாகச் சிக்காது. செத்த டால்பினின் எண்ணெயைக் கெளுத்தி மீனுக்கு இரையாக வைக்கிற பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அதனால் வலையில் தற்செயலாகச் சிக்கியதற்கும் ஒரு விலை இருக்கிறது. மேற்கு வங்காளத்தில் கங்கையை மறிக்கிற ஃபராக்கா அணை 1975-லேயே கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. இப்போது சரக்குக் கப்பல் போக்குவரத்துக்காக ஆற்றை ஆழப்படுத்துகிறார்கள்.

கோடையில் தண்ணீர் வற்றும்போது டால்பின்கள் எல்லாம் ஆறுகள் கூடுகிற இடத்து மடுக்களுக்கு ஒதுங்கும். மீனும் அங்கேதான் ஒதுங்கும், வலையும் அங்கேதான் விழும். எந்தெந்த மடு என்று எங்களுக்கும் தெரியும், அந்தந்த ஊர் மீனவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். மார்ச் முதல் மழை வரும் வரை அந்த மடுக்களில் மட்டும் வலை போடாமல் இருக்க, அந்தக் குடும்பங்களுக்கு அந்த மாதங்களின் வருமானத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும். ஆறு முழுக்கத் தடை போடத் தேவையில்லை, போட்டாலும் பீகாரில் அது நடக்காது, பசியோடு இருக்கிறவர் ராத்திரியில் வலையோடு இறங்கத்தான் செய்வார். இதற்கு ஆகும் செலவு, நீங்கள் கேட்ட குளோனிங் ஆய்வுக்கூடம் ஒன்றை ஒரு வருடம் நடத்துகிற செலவில் ஒரு சின்னப் பங்குதான் இருக்கும் என்பது என் கணிப்பு.